இருபது ஷில்லிங் தகராறு

குழு: புளியமரத்து வீடு
ஞாயிறு, மாலை 4:12

கயல்: (படம்)

கயல்: எய்ல்ஸ்பரி சந்தைச் சதுக்கம். இன்று எனக்கு ஓய்வு, காய் வாங்க வந்தேன்.

சுந்தரி அத்தை: யாருட்டி இது? கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாரே, பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்கிறாரா?

கயல்: ஜான் ஹாம்ப்டன், அத்தை. இந்த பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்துப் பெரிய நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர். கடைசியில் ராஜாவுக்கு எதிராகப் படை திரட்டிப் போய் உயிரை விட்டவர். அவர் ஊர் கிரேட் ஹாம்ப்டன் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கை அந்தப் பக்கம்தான் காட்டுகிறது என்று என்னோடு வேலை பார்க்கும் அக்கா சொல்வார்.

கயல்: சிலை வைத்தது 1912இல். நான் எப்போது வந்தாலும் தலையில் ஒரு புறா.

முகில்: கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானம் இவர் பேரா மதினி?

கயல்: இவர் பேர்தான், சுற்றி வளைத்து. பக்கத்தில் இருந்த வீட்டு வரிசைக்கு இவர் பேரை வைத்தார்கள், அது அப்படியே மைதானத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

பெரிய மாமா: சிலை வைக்கிற அளவுக்கு என்ன செய்தார்?

கயல்: வரி கட்ட மாட்டேன் என்றார், மாமா.

பெரிய மாமா: நான் 32 வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவன். வரி கட்ட மாட்டேன் என்றவனுக்கெல்லாம் சிலை வைத்தால் எங்கள் பிர்காவில் மனுஷன் நடக்க இடம் இருக்காது.

சுந்தரி அத்தை: எவ்வளவு வரி?

கயல்: இருபது ஷில்லிங். அதாவது ஒரு பவுன்.

சுந்தரி அத்தை: ஒரு பவுனா! இன்றைக்குப் பவுன் விற்கிற விலைக்கு யார் கட்டுவார்? நானும் மாட்டேன்.

முகில்: அம்மா, தங்கப் பவுன் இல்லை. பவுண்டு. அந்த ஊர்ப் பணம்.

சுந்தரி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முகில்: எல்லாரும் படித்தாயிற்று.

பெரிய மாமா: பெரிய நிலக்கிழாருக்கு ஒரு பவுண்டு ஒரு காசா?

கயல்: அதுதான் மாமா விஷயமே. கிரேட் கிம்பிள் என்ற இன்னோர் ஊர் நிலத்துக்கு 31 ஷில்லிங் 6 பென்ஸ் போட்டிருந்தார்கள், அதையும் கட்டவில்லை. ஆனால் வழக்காக ஆனது ஸ்டோக் மேண்டவில் நிலத்துக்குப் போட்ட 20 ஷில்லிங்தான்.

அம்மா: ஸ்டோக் மேண்டவில்லா? உன் ஆஸ்பத்திரி இருக்கிற ஊராச்சே.

கயல்: அதேதான் அம்மா. பாராலிம்பிக்ஸ் பிறந்த ஊர் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. இந்த வரித் தகராறு போன மாதம்தான் தெரியும். அதற்கப்புறம் நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கயல்: (குரல் செய்தி 3:05)

பெரிய மாமா: நடந்துகொண்டே பேசாதே கயல். காற்றுச் சத்தமும் காக்காய் மாதிரி ஏதோ ஒன்றும்தான் கேட்கிறது. எழுதி அனுப்பு.

கயல்: சரி மாமா, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கயல்: அந்த வரிக்குக் கப்பல் பணம் என்று பேர். போர் வந்தால் கடலோர ஊர்கள் ராஜாவுக்குக் கப்பல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடாகப் பணம். இது பழைய வழக்கம். முதலாம் சார்லஸ் 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தவர் 11 வருஷம் கூட்டவே இல்லை. நாடாளுமன்றம் சம்மதிக்காமல் புது வரி போட முடியாது. அதனால் 1634இல் இந்தப் பழைய வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தார். அடுத்த வருஷமே கடலைக் கண்ணால் பார்க்காத மாவட்டங்களுக்கும் நீட்டிவிட்டார். பக்கிங்ஹாம்ஷயருக்கு வந்த உத்தரவு: 450 டன் கப்பல் ஒன்று, 180 ஆட்கள். கணக்குப் போட்டால் 4,500 பவுண்டு. போர் என்று எதுவும் நடக்கவில்லை.

பெரிய மாமா: கடல் இல்லாத ஊருக்குக் கப்பல் வரி. கொஞ்சம் அதிகம்தான். வசூல் யார் பொறுப்பு?

கயல்: ஷெரீப், மாவட்டத்துக்கு ராஜா போடுகிற அதிகாரி. அந்த மனுஷன் கதை தனி, அப்புறம் சொல்கிறேன்.

முகில்: வழக்கைப் பற்றி நான் சொல்லவா? வகுப்பில் வந்திருக்கிறது. 12 நீதிபதிகள். 1637 நவம்பரில் வாதம் தொடங்கி 1638 ஜூனில் தீர்ப்பு முடிந்தது. 7 பேர் ராஜா பக்கம், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம். தோற்றுவிட்டார்.

பெரிய மாமா: தோற்றதற்கா சிலை?

முகில்: அப்பா, அந்த நீதிபதிகள் எல்லாரையும் நியமிப்பது ராஜா. பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதும் ராஜா. அதில் 5 பேர் எதிராகப் போனார்கள் என்றால் சும்மாவா? சிலர் நுணுக்கமான சட்டக் காரணம் காட்டித்தான் எதிர்த்தார்கள், இருந்தாலும் ஊருக்குள் அது எடுபட்டுவிட்டது. 1639இல் வசூல் படுத்தேவிட்டது. 1641இல் நாடாளுமன்றம் அந்த வரியையே சட்டவிரோதம் என்று ஒழித்தது.

பெரிய மாமா: கிம்பிளில் இவர் ஒருத்தர்தான் கட்டவில்லையா?

கயல்: இல்லை மாமா. 1636 ஜனவரியில் அந்த ஊர்த் தேவாலயத்தில் கூடிக் கட்டாதவர்கள் பட்டியல் எழுதினார்கள். முதல் பேர் இவர். உங்களுக்குப் பிடிக்காத சேதி ஒன்று: வரி விதிக்கவும் வசூலிக்கவும் போட்ட ஆட்களின் பேரே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பெரிய மாமா: தலையாரியே கட்டவில்லையா!

பெரிய மாமா: கலிகாலம் 1636லேயே வந்துவிட்டது.

மாலை 4:51

அம்மா: இவருக்குக் குடும்பம் இருந்ததா? எல்லாரும் வழக்கையே பேசுகிறீர்கள்.

கயல்: இருந்தது அம்மா. 1619இல் எலிசபெத் சிமியனைக் கட்டினார். ஒன்பது பிள்ளைகள். மனைவி 1634இல் இறந்துவிட்டார். கல்லறை வாசகத்தை இவரே எழுதினார். கிரேட் ஹாம்ப்டன் தேவாலயத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கம்பக்கத்தாருக்கு ஆறுதலாக இருந்தவள் என்றுதான் தொடங்குகிறார். சட்டம் பேசுகிற ஆள் மாதிரியே இல்லை.

அம்மா: பாவம்.

கயல்: இவருடைய அம்மா கதை இன்னும் நன்றாக இருக்கும். ஜேம்ஸ் ராஜா காலத்தில் பிரபுப் பட்டம் விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. என் மகன் கௌரவம் தேடுவதாக இருந்தால் இப்போதே வரச் சொல்லுங்கள், இங்கே பிரபுக்களைக் கூட்டம் கூட்டமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அந்த அம்மா கடிதமே எழுதியிருக்கிறார்.

அம்மா: மகன் கேட்டாரா?

கயல்: இல்லை. கடைசி வரைக்கும் வெறும் ஜான் ஹாம்ப்டன்தான்.

அம்மா: எந்தப் பிள்ளை கேட்கிறது.

முகில்: ராஜாவை ஒழித்துவிட்டு நாட்டை ஆண்டாரே குரோம்வெல், அவருக்கு இவர் சொந்தம் இல்லையா? புத்தகத்தில் கசின் என்று போட்டிருந்தது.

கயல்: அதுதான் எரிச்சல். எல்லாரையும் கசின், கசின் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாமல் எனக்குத் தலை சுற்றிவிட்டது. வம்ச வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நம் முறை போட்டுப் பார்த்தேன். அத்தை, நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். ஹாம்ப்டனின் அம்மா பேர் எலிசபெத் குரோம்வெல். ஆலிவர் குரோம்வெல்லின் அப்பா ராபர்ட்டும் அவரும் கூடப் பிறந்தவர்கள்.

சுந்தரி அத்தை: அப்போ குரோம்வெல்லுக்கு இவர் அத்தை மகன். இவருக்கு அவர் மாமன் மகன். இதில் என்ன குழப்பம்?

முகில்: நானும் மதினியும் மாதிரி! நான் குரோம்வெல்.

சுந்தரி அத்தை: நீ ராஜா தலையை அப்புறம் வெட்டலாம், முதலில் அரியரை முடி.

கயல்: அடுத்தது எட்வர்ட் வாலி. அவர் அம்மா பிரான்சிஸும் குரோம்வெல் வீட்டுப் பெண், ஹாம்ப்டன் அம்மாவோடு பிறந்தவர்.

சுந்தரி அத்தை: அக்கா தங்கச்சி பிள்ளைகள். ஹாம்ப்டனுக்கு அண்ணன் தம்பி முறை. குரோம்வெல்லுக்கு இன்னோர் அத்தை மகன்.

கயல்: சரி. 1649இல் ராஜாவின் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் குரோம்வெல்லும் உண்டு, இந்த வாலியும் உண்டு. ராஜாவின் மகன் 1660இல் திரும்பி வந்ததும் வாலி அமெரிக்காவுக்குத் தப்பிப் போய் ஆயுசு முழுக்க ஒளிந்தே வாழ்ந்தார்.

கயல்: வழக்கில் ஹாம்ப்டனுக்காக வாதாடிய வக்கீல் ஆலிவர் செயின்ட் ஜான். வழக்கு நடந்துகொண்டிருந்த சமயம் அவர் இரண்டாவதாகக் கட்டியது குரோம்வெல்லின் சித்தப்பா மகளை.

பெரிய மாமா: வக்கீல் பீஸைக் கல்யாணத்தில் கழித்துவிட்டார்கள் போல.

கயல்: கடைசியாகக் கவிஞர் எட்மண்ட் வாலர். அவர் அம்மா ஆன், ஹாம்ப்டனின் அப்பாவோடு பிறந்தவர்.

சுந்தரி அத்தை: ஹாம்ப்டனுக்கு அத்தை மகன். நல்லவனா?

கயல்: நல்ல கவிஞர். 1643இல் லண்டனை ராஜா கையில் ஒப்படைக்கச் சதி செய்து மே மாதக் கடைசியில் மாட்டினார். மாட்டியதும் எல்லார் பேரையும் கக்கிவிட்டார். கூடப் பிறந்தவளின் புருஷனைத் தூக்கில் போட்டார்கள். இவர் 10,000 பவுண்டு அபராதம் கட்டிவிட்டு வெளிநாட்டில் போய் இருந்துவிட்டு, பிற்பாடு திரும்பி வந்து 80 வயது வரை கவிதை எழுதினார்.

சுந்தரி அத்தை: மச்சானைக் காட்டிக்கொடுத்தவன் கவிதையை இந்தக் குழுவில் யாரும் அனுப்பக் கூடாது.

பெரிய மாமா: கயல், நீ சொல்வதைப் பார்த்தால் இது சொத்துள்ள நாலு குடும்பம் கூடி ராஜாவோடு போட்ட சண்டை மாதிரித்தானே தெரிகிறது?

கயல்: முக்கால்வாசி அப்படித்தான் மாமா. நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் காசுள்ள ஆள் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். 1627லேயே ராஜா கட்டாயக் கடன் கேட்டார். கொடுக்காமல் சிறைக்குப் போனார் ஹாம்ப்டன். நண்பர் சர் ஜான் எலியட் நாடாளுமன்றத்தில் பேசியதற்காக லண்டன் டவரில் அடைபட்டுக் கிடந்தபோது, அவருடைய மகன்களின் படிப்பையும் குணத்தையும் பற்றி அக்கறையாகக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். 1632இல் எலியட் டவரிலேயே செத்துப்போனார். உடலைச் சொந்த ஊர் கார்ன்வாலுக்குக் கொண்டுபோகிறேன் என்று மகன் மனு கொடுத்தார். எந்தத் தேவாலய வட்டாரத்தில் செத்தாரோ அந்தத் தேவாலயத்திலேயே புதையுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார் ராஜா.

பெரிய மாமா: பிணத்தைக்கூடத் தரவில்லையா?

கயல்: தரவில்லை.

பெரிய மாமா: ம்.

மாலை 5:20

முகில்: 1642 ஜனவரி 4, ராஜாவே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து ஐந்து பேரைப் பிடிக்கப் பார்த்தாரே, அந்த ஐந்தில் இவரும் ஒருத்தர். பிம், ஹாம்ப்டன், ஹோலிஸ், ஹேசல்ரிக், ஸ்ட்ரோட். சேதி முன்கூட்டியே கசிந்து ஐந்து பேரும் ஆற்று வழியாகப் போய்விட்டார்கள். பறவைகள் பறந்துவிட்டன என்று சொல்லிவிட்டுத் திரும்பினார் ராஜா.

கயல்: அந்த ஆகஸ்டில் போர் வெடித்தது. இவர் ஊர்ப் பக்கத்து ஆட்களைச் சேர்த்துப் பச்சைச் சட்டை போட்ட ஒரு படையைக் கட்டினார்.

பெரிய மாமா: நிலக்கிழார் கூப்பிட்டால் குத்தகைக்காரன் வர மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? அதை யாராவது கேட்டு எழுதினார்களா?

கயல்: நான் படித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை மாமா.

அம்மா: எப்படிச் செத்தார்?

கயல்: 1643 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. ராஜாவின் அக்கா மகன் இளவரசர் ரூபர்ட் ஆக்ஸ்போர்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரைப்படையோடு கிளம்பி வந்தார். சால்குரோவ் என்ற ஊர் வயலில் மோதல். ஹாம்ப்டனின் சொந்தப் படை அங்கே இல்லை, கிடைத்த குதிரைவீரர்களோடு சேர்ந்து போனார். தோளில் காயம். தேம் என்ற ஊர்வரை எப்படியோ வந்து படுத்தார். ஜூன் 24 அன்று போய்விட்டார்.

கயல்: எதிரியின் குண்டு என்று ஒரு கதை. வெடிமருந்தை அதிகமாகக் கிட்டித்ததால் சொந்தக் கைத்துப்பாக்கியே கையில் வெடித்தது என்று இன்னொரு கதை. 1828இல் நியூஜென்ட் பிரபு இதைத் தீர்க்கிறேன் என்று தேவாலயத் தரையைத் தோண்டி ஒரு சவப்பெட்டியைத் திறந்து பார்த்தார். அது இவர் உடம்புதானா என்பதிலேயே இன்று வரைக்கும் சண்டை.

கயல்: நான் காயக்கட்டு வார்டில் இருந்திருக்கிறேன். ஆறு நாள் என்பதைக் கேட்டதும் எனக்கு இரண்டு கதையும் ஒன்றாகிவிட்டது. காயத்தோடு சட்டைத் துணி உள்ளே போயிருக்கும், சீழ் பிடித்திருக்கும், மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியிருக்கும். இன்றைக்கு என்றால் நேரே ஆபரேஷன் அறை, அப்புறம் ஆன்டிபயாடிக். அவர் வரி கட்ட மாட்டேன் என்ற அதே ஸ்டோக் மேண்டவில்லில் படுக்க வைத்திருப்போம்.

சுந்தரி அத்தை: அம்மாடி. வயல் பேரைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

பெரிய மாமா: கயல், அந்த ஷெரீப் என்ன ஆனார்? அப்புறம் சொல்கிறேன் என்றாய்.

கயல்: மறக்கவில்லையா மாமா! சர் பீட்டர் டெம்பிள், ஸ்டோ பண்ணைக்காரர். வசூலாகாத பாக்கிக்கு ஷெரீப்தான் பதில் சொல்ல வேண்டும். மேலே இருந்து ராஜா நெருக்குகிறார், கீழே ஒருத்தரும் கட்டவில்லை.

பெரிய மாமா: ஜமாபந்திக்கு முந்தின வாரம் மாதிரி. எனக்குத் தெரியாதா.

கயல்: அவர் தன் அம்மா ஹெஸ்டருக்கு அவசரமாக எழுதிய கடிதம் இருக்கிறது. அந்த அம்மா தன் சந்ததியில் 700 பேரைப் பார்த்தவர் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குழு ஆரம்பித்தால் தாங்காது. கடிதத்தின் சாரம் இதுதான்: என் பிழைப்பே வெறும் பாடாகப் போய்விட்டது, முன்பு நாட்டுக்காக, இப்போது ராஜாவுக்காக. பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யக்கூட நேரமில்லை.

பெரிய மாமா: இவருக்கு எங்கே சிலை?

கயல்: நான் பார்த்த இடத்தில் இல்லை மாமா.

பெரிய மாமா: இருக்காது.

அம்மா: நேரமில்லை என்றாலும் அவர் ஒரு கடிதம் போட்டிருக்கிறார் பாரு. நீ எனக்குப் போன் பண்ணிப் பதினோரு நாள் ஆகிறது.

முகில்: மதினி, ஆற்று வழியாகத் தப்பிவிடுங்கள்.

கயல்: இதோ அம்மா, கூப்பிடுகிறேன்.

தவறிய வீடியோ அழைப்பு, மாலை 5:46

அம்மா: அடுப்பில் பால் இருக்கிறது. ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிடு.