கோத்தகிரி அருகே 5 சென்ட் மனை: பின்னால் செங்குத்தாக வெட்டிய மண். தடுப்புச் சுவர் கட்டினால் போதுமா?

புதுமனை:
வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றை மனைகளாகப் பிரித்து விற்கிறார்கள். அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் 5 சென்ட் வாங்கலாம் என்று பார்க்கிறோம். சரிவை வெட்டிப் படிப்படியாகச் சமதளம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் மனைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் செங்குத்தாக நிற்கிறது. அதற்கு மேலேயே அடுத்த வரிசைக்குப் போகும் சாலை. மழையில்லாத இந்த நாட்களிலும் அந்த மண்ணின் அடிப்பகுதியைத் தொட்டால் கை ஈரமாகிறது. விற்பவரோ, "பஞ்சாயத்து அனுமதி இருக்கிறது, சுவர் எழுப்பிக்கொண்டால் போதும்" என்கிறார். போதுமா? என்னென்ன ஆவணங்களைக் கேட்க வேண்டும்?

கல்கட்டு:
தம்பி, சுவரைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்த ஈரம்தான் முதல் செய்தி. நீலகிரியில் பாறைக்கு மேல் சிதைந்த செம்மண் பல இடங்களில் கனமாகப் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நீர் ஊறிவிட்டால் எடை கூடி, பிடிப்பு தளர்ந்து, ஒரே இரவில் இறங்கிவிடும். நீர் வெளியேற வழியில்லாத சுவர் மண்ணோடு நீரின் அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். பின்புறம் சரளை நிரப்பி, சுவர் நெடுகக் கசிவுத் துளைகள் விட்டு, அடித்தளத்தை வெட்டாத கெட்டி நிலத்தில் இறக்கினால்தான் சுவர் நிற்கும். மேலே சாலை இருப்பதால் வண்டிகளின் பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொத்தனாரின் கைக்கணக்கு இதற்கு உதவாது.

இன்னொன்றையும் பாருங்கள். வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள்? பெரும்பாலும் மனையின் முன்பாதியில்தான் நிரப்பியிருப்பார்கள். வீட்டின் ஒரு பாதி பழைய நிலத்திலும் மறு பாதி நிரப்பிய மண்ணிலும் உட்கார்ந்தால் சுவர்கள் பிளப்பது நிச்சயம்.

பத்திரமேசை:
பஞ்சாயத்து அனுமதி என்ற சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கிராமம் ஹாக்கா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் அதன் இசைவும் வேண்டும். வனம், புவியியல் மற்றும் சுரங்கம், வேளாண் பொறியியல் ஆகிய துறைகளின் கருத்தைக் கேட்பது அந்த இசைவுக்காகத்தான். சாலைகளை உள்ளாட்சிக்கு ஒப்படைத்த தானப்பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். அது இல்லையென்றால் நாளைக்குச் சாலை இடிந்தாலும் செப்பனிட யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

20.10.2016-க்குப் பிறகு பிரித்த அனுமதியற்ற மனை என்றால் அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டத்திலும் அதற்கு இடமில்லை. "பின்னால் வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

புதுமனை:
நன்றி. இன்று மறுபடியும் போய்ப் பார்த்தேன். மேல் சாலைக்கு ஓரக் கால்வாய் இல்லை. சாலை நீர் முழுவதும் எங்கள் மனைப் பக்கம் சாய்கிறது. மனையின் முன் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். கீழே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றன.

கல்கட்டு:
அப்படியானால் அந்த மனை வேண்டாம். சரிவு மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் மரத்தின் அடி அப்படித்தான் வளையும். விளிம்பை ஒட்டிய விரிசல், நிரப்பிய மண் இறங்கத் தொடங்கிவிட்டதைச் சொல்கிறது. மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகள் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும், நிலத்தடி நீர் வெளிப்படும் ஊற்றுக் கோட்டிலும், சிற்றோடைத் தடத்திலும் பொதுவாகக் கட்ட வேண்டாம் என்கின்றன. அந்த ஈரம் ஊற்றாகவே இருக்கலாம். சாலையைச் சரிவின் சமஉயரக் கோட்டை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒட்டி வளைத்து, மேற்பக்கம் கால்வாய் வைத்து, நீரைப் பழைய ஓடையில் சேர்த்திருக்க வேண்டும். இங்கே மனை எண்ணிக்கைக்காகச் சாலையை வெட்டியிருக்கிறார்கள் என்றே தெரிகிறது.

கேத்திக்காரி:
2009 நவம்பரை நாங்கள் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்து போனார்கள். வடகிழக்குப் பருவமழை நம் கிழக்குச் சரிவுகளில்தான் வலுத்துப் பெய்யும். வாங்கும் மனையை ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறையாவது மழையோடு பாருங்கள். அந்தச் சாலை முட்டுச்சந்தா என்றும் பாருங்கள் தம்பி. ஒரே வழி, அதுவும் சரிந்துவிட்டால், ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

புதுமனை:
முட்டுச்சந்துதான் அக்கா. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் அதற்குக் கீழ் வரிசையில் ஒரு குடும்பம் வீடு கட்டிக் குடியேறிவிட்டது, சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது?

பத்திரமேசை:
விரிசலையும் ஈரத்தையும் படம் எடுத்து, சர்வே எண்ணோடு கோட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகம் அனுமதி தந்ததா என்றும் அதிலேயே கேளுங்கள். மழை வலுத்தால் 1077-க்கு அழைக்கலாம் என்று அந்த வீட்டுக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள். விரிசல் அகலமானாலோ, கசியும் நீர் திடீரென்று கலங்கினாலோ, அன்றிரவு உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.