பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல் சுவர் மெலிந்துள்ளது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் காவல்துறையின் ஷாட்கன் சான்றிதழ் பெற்றுப் பல ஆண்டுகளாகக் களிமண் தட்டு சுட்டுவரும் நான், சென்ற மாதம் ஏலம் ஒன்றில் 1930களில் பர்மிங்காமில் செய்யப்பட்ட 12 போர் (bore, குழல் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்கினேன். செதுக்கு வேலையின் அழகில் மயங்கி, சுவர்த் தடிப்பை அளக்கச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். ஏல விவரக்குறிப்பிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

குழல்களைக் கழற்றி சன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது உட்புறம் கண்ணாடியாய் மின்னியது. அந்த மினுமினுப்பே ஆபத்தின் அடையாளம் என்பது, துருக்குழிகளை நீக்க யாரோ உள்ளே மீண்டும் மீண்டும் தேய்த்திருப்பதாகத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் சொன்ன பிறகே விளங்கியது. குழல்களின் அடியில், பாதுகாப்புச் சோதனையின்போது பதித்த உள்விட்ட முத்திரை .729 என்று இருக்க, இப்போதைய உள்விட்டம் .742 அங்குலம். இடக்குழலில், முனையிலிருந்து 9 அங்குலத்தில், சுவர் 0.016 அங்குலமே உள்ளது, 0.020க்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவான கணக்கு. உள்விட்டம் இவ்வளவு அகன்றுவிட்டதால் அந்தச் சோதனை முத்திரை இனிச் செல்லாது; அப்படி முத்திரை செல்லாத துப்பாக்கியை விற்பது 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், ஏல நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

அது நடக்காவிட்டால், பழைய குழல்களை அறுத்துப் புதியவற்றைப் பொருத்தும் ஸ்லீவிங் செய்வதா, மெல்லிய உட்குழாய் இறக்குவதா? இவற்றில் ஒன்றைச் செய்து மறுசோதனையில் தேறியவர்கள், ஆன செலவையும் துப்பாக்கியின் எடை, சமநிலை எவ்வாறு மாறின என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். அதுவரை ஒரு தோட்டாகூட அதில் ஏறாது.