அவசரம்: கடல் பக்கம் வீடு, வைக்கிற செடியெல்லாம் கருகுகிறது. எதுதான் தாங்கும்?

மொட்டைமாடி
வணக்கம். சென்னையில் கடல் பக்கம் இருக்கிறோம். ஏப்ரலில் இருந்து மூன்று ரோஜா, ஒரு எலுமிச்சை, இரண்டு குரோட்டன்ஸ் போய்விட்டன. இன்று காலை பார்த்தால் இட்லிப்பூச் செடியும் ஓரமெல்லாம் பழுப்பாகி நிற்கிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போகிறோம், அதற்குள் வெயில் தாங்கும் செடிகளின் பெயர் மட்டும் சொன்னால் போதும். "இந்த வீட்டில் செடி வராது" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பூவரசமரம்
பூவரசு வையுங்கள், வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். கடலோரத்தில் தானாக வளர்கிற மரம், உப்பு மண்ணும் உப்புக் காற்றும் அதற்கு ஒன்றும் செய்யாது. ஒரு போத்தை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். பக்கத்தில் ஒரு புன்னையும் வைத்தால் நிழலுக்கு நிழல், பூவுக்கு வாசம்.

கேணிக்கரை
எந்தப் பகுதி? கடல் எவ்வளவு தூரம்? தரையா மாடியா? தண்ணீர் போரா, மெட்ரோ குழாய்த் தண்ணீரா, லாரியா? வெயிலில் கருகுகிறது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மண்புழு62
இந்தக் கேள்வி மாதத்துக்கு நான்கு முறை வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படித்திருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் ரோஜா வாங்கி வைத்துவிட்டு கருகுகிறது என்றால் யார் என்ன செய்ய முடியும்? ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? முதலில் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா, செடி அப்புறம் வாங்கலாம்.

கேணிக்கரை
ஐயா, ஆடிப்பட்டம் வயலில் விதைக்கிறவர்களுக்குச் சொன்னது. சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இங்கே ஆடியிலும் மாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அவர் பதில் சொல்லட்டும்.

தேங்காய்நார்
மண்ணில் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், போட்டிருக்கிறீர்களா? கடையில் வாங்கிய கட்டியை அப்படியே உடைத்துப் போட்டிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். நாரிலேயே உப்பு உண்டு, கழுவாத கட்டி என்றால் கேட்கவே வேண்டாம். வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் டீ டிக்காஷன் மாதிரி தண்ணீர் இறங்கும், அது வெளுக்கும் வரை மூன்று நான்கு தடவை அலச வேண்டும். என் முதல் இருபது தொட்டிகளும் இதில்தான் போயின.

மொட்டைமாடி
மன்னிக்கவும், சமையல் வேலை. கொட்டிவாக்கம், கடல் முந்நூறு மீட்டர் இருக்கும். மூன்றாவது மாடி பால்கனியும் மேலே மொட்டை மாடியும், அதனால் மரம் வைக்க இடமில்லை. கோகோபீட் கொஞ்சம் கலந்தேன், கழுவவில்லை. தண்ணீர் போர்தான். வீணாகப் போகிறதே என்று ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரைப் பிடித்து ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் ஊற்றுகிறேன்.

கேணிக்கரை
அக்கா, அந்த ஆர்.ஓ. தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். போரில் இருக்கிற உப்பைப் பிரித்து அந்தக் குழாயில்தான் மெஷின் வெளியே தள்ளுகிறது. போர் தண்ணீரைவிட அது உப்பு. தரை துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். செடிகளிலேயே உப்புக்கு முதலில் விழுகிறவற்றில் ரோஜாவும் எலுமிச்சையும் உண்டு, அவற்றுக்கே நீங்கள் அதை ஊற்றியிருக்கிறீர்கள்.

இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் உப்புக் காற்று. மேல் இலைகளின் நடுவில் வெளுத்த திட்டாக இருந்தால் வெயில். அடி இலைகளில் நுனியில் தொடங்கி ஓரமாகவே பழுப்பு ஏறியிருந்தால் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிற உப்பு, உரம் கூடினாலும் இப்படி வரும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா?

மொட்டைமாடி
அடி இலைதான், ஓரம்தான். விளிம்பில் வெள்ளையாக இருக்கிறது, சுண்ணாம்பு என்று நினைத்தேன்.

செம்பருத்தி_வீடு
எனக்கும் இதே கதைதான். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருகிறவர் பையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும், ஒரு டம்ளரில் போர் தண்ணீரைப் பிடித்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 2,000-க்கு மேல் போனால் ரோஜா ஆசையை விட்டுவிடலாம். இன்னொன்று, ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது. புழுக்கமான ராத்திரிகளில் எங்கள் வீட்டில் ஒரு வாளி நிறைகிறது, துளசியும் கறிவேப்பிலையும் அதில்தான் வளர்கின்றன.

நம்மூர்ச்செடி
யாரும் காகிதப்பூவைச் சொல்லிவிடாதீர்கள். அது பிரேசில் செடி, வண்டுக்கும் தேனீக்கும் பெரிதாகப் பயனில்லை. வெளிநாட்டு மரங்களை நட்டதால் என்ன ஆனது என்று 2016 வர்தா புயலில் பார்த்தோம், எங்கள் தெருவில் குல்மோகர் அத்தனையும் வேரோடு விழுந்தது. நம் மண்ணின் செடிகளை வையுங்கள், நித்தியகல்யாணி இருக்கிறது, நொச்சி இருக்கிறது.

செம்பருத்தி_வீடு
நித்தியகல்யாணியும் மடகாஸ்கரில் இருந்து வந்ததுதான். நீங்கள் திட்டுகிற குல்மோகரும் அங்கிருந்துதான் வந்தது.

நம்மூர்ச்செடி
நம் கோயில் வாசலில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பூ அது. அதையும் குல்மோகரையும் ஒன்றாகச் சொல்வது சரியில்லை.

தேங்காய்நார்
சப்போட்டா மெக்சிகோ பக்கம், மிளகாயும் அந்தப் பக்கம்தான். எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழம்பே வைக்க முடியாது. இங்கே தாங்குகிறதா என்று பாருங்கள்.

மண்புழு62
மரம் விழுந்ததற்கு வேரைச் சுற்றி சிமெண்ட் போட்டதுதான் காரணம். முப்பது வருடமாக இதைச் சொல்கிறேன்.

கேணிக்கரை
அந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக வேண்டும்.

அக்கா, உங்கள் பால்கனிக்கு நான் வாங்குவதென்றால் முதலில் காகிதப்பூ. உப்பையும் வெயிலையும் தாங்கும், தண்ணீரைக் குறைத்தால்தான் பூவே கொட்டும், நீங்கள் இரண்டு வேளை ஊற்றினால் வெறும் இலையாக நிற்கும். அடுத்தது நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, கற்றாழை. கீரை வேண்டுமென்றால் பருப்புக்கீரை, பத்துமணிப்பூவின் உறவுதான், உப்பைப் பொருட்படுத்தாது. மொட்டை மாடியில் கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பெரிய தொட்டிகளில் அரளி வைத்தால் காற்றைத் தடுக்கும், அதன் பின்னால் செம்பருத்தியும் பிழைத்துக்கொள்ளும்.

இட்லிப்பூவைக் காப்பாற்றலாம். தொட்டியின் அடியில் ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெட்ரோ தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ கிடைக்கிற நாளில் அடிவழியாக நன்றாக ஓடும் வரை ஊற்றுங்கள், உப்பு கரைந்து இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மண்ணில் தங்கும். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம், உரமும் உப்புதான். தொட்டிக்குப் பதில் கறுப்பு குரோ பேக் (செடி வளர்க்கும் பை) என்றால் ஓரத்தில் கை வைத்துப் பாருங்கள், வேர் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிட்டு, வெயில் படுகிற பக்கம் பழைய வெள்ளைத் துணி சுற்றுங்கள்.

செம்பருத்தி_வீடு
அரளி வாங்கும்முன் ஒரு வார்த்தை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேண்டாம், இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். வெட்டிய கிளையை மாடு வருகிற இடத்திலும் போடாதீர்கள். காற்றைத் தடுக்க ஐம்பது சதவீதப் பச்சை வலை கட்டினாலே போதும்.

பூவரசமரம்
அடுக்குமாடி வாசலில் தெருவோரம் இடம் இருக்குமே, அங்கே பூவரசு வைக்கலாம் என்றுதான் சொன்னேன்.

கேணிக்கரை
மீட்டரில் எவ்வளவு காட்டியது அக்கா?

கேணிக்கரை
ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. இட்லிப்பூ என்ன ஆனது?

மொட்டைமாடி
தாமதத்துக்கு மன்னிக்கவும், பையனுக்குக் காய்ச்சல். போர் 1,900, ஆர்.ஓ. வெளித் தண்ணீர் 2,800. இட்லிப்பூவில் இரண்டு துளிர் வந்திருக்கிறது, ஓரம் பச்சையாகவே இருக்கிறது. பையனுக்கு மூன்று வயதுதான், அதனால் அரளி வாங்கவில்லை, வலை கட்டிவிட்டோம். பத்துமணிப்பூத் தொட்டிக்கு மாமியார்தான் இப்போது ஏ.சி. தண்ணீர் எடுத்து ஊற்றுகிறார். பூவரசைப் பற்றி அசோசியேஷனில் கேட்டிருக்கிறேன்.