உதவி: விடியற்காலையில் போர்டு கிராஷ் ஆகிறது, ரெஜிஸ்டர்களையும் மெமரியையும் பிடித்து வைப்பது எப்படி?

வெள்ளாற்றங்கரை

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு வனாமி இறால் பண்ணைக்கு ஏரேட்டர் (குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன். எஸ்டிஎம்32எஃப்407 சிப், அதன் மேல் ஃப்ரீஆர்டாஸ் (பல டாஸ்க்குகளை, அதாவது வேலைகளை, மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம்). குட்டையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஆர்எஸ்-485 வயரில் மாட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) பேசும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நிறுத்தி வைத்திருக்கும் ஏரேட்டர்களையும் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சில இரவுகளில், பெரும்பாலும் 3 மணிக்கு மேல், ஹார்ட் ஃபால்ட் (புரோகிராம் மேலே ஓட முடியாத பிழை) ஆகிவிடுகிறது. வாட்ச்டாக் (புரோகிராம் உறைந்தால் பிடிக்கும் காவல் டைமர்) ரீசெட் செய்து திரும்பக் கிளப்புகிறது. ஆனால் ரீசெட் ஆன பிறகு என்ன நடந்தது என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சுவதில்லை. பகலில் மேசையில் டீபக்கர் மாட்டி ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஃபால்ட் வந்தால் ஓடும் ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்எஃப் (எழுத்தாக வெளியிடும் கட்டளை) போட்டேன், பாதி வரியில் நின்றுவிடுகிறது.

இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடிவதற்கு முந்தைய நேரம்தான் இறாலுக்கு ஆபத்து. சரியாக அப்போது ஏரேட்டர் நின்று நின்று ஓடினால் குட்டை முழுக்க மிதந்துவிடும். கிராஷ் ஆகும் நொடியில் ரெஜிஸ்டர்களையும் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) கொஞ்சம் மெமரியையும் எடுத்து வைத்து, காலையில் பார்க்க வழி உண்டா?

லாஸ்பேட்டை மாணவி

முதலில் அது வாட்ச்டாக் ரீசெட்தானா, மின்னழுத்தம் விழுந்து வந்த ரீசெட்டா என்று பார்த்தீர்களா? ஆர்சிசி சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் ரீசெட் காரணம் இருக்கும். கொடிகளை அழிப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

வெள்ளாற்றங்கரை

பார்த்தேன். வாட்ச்டாக்தான்.

சேதராப்பட்டு அக்கா

வழி இருக்கிறது தம்பி. ஆனால் டம்ப் (அந்த நொடியின் நகல்) எடுக்கும் முன் ஒன்று: ஹேண்ட்லருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ரிலேக்களை ஏரேட்டர் ஓடும் நிலைக்குத் தள்ளிவிடு. ஜிபிஐஓ (சிப்பின் கால்களை இயக்கும்) ரெஜிஸ்டரில் நேராக ஒரு எழுத்து, அவ்வளவுதான். தடயம் அப்புறம்.

இனி டம்ப். ஃபால்ட் வந்ததும் சிப்பின் கோரான கார்டெக்ஸ்-எம்4 தானாகவே 8 ரெஜிஸ்டர்களை ஸ்டேக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை அடுக்கும் மெமரி) தள்ளும்: ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, எல்ஆர் (திரும்பும் முகவரி), பிசி (ஓடும் கட்டளையின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர் (நிலைக் கொடிகள்). மொத்தம் 32 பைட். பின்னக் கணக்குப் பிரிவைப் பயன்படுத்திய டாஸ்க்காக இருந்தால் அது 104 பைட்டாக நீளும். ஆனாலும் முதல் எட்டும் அதே வரிசைதான். எந்த ஸ்டேக்கில் தள்ளியது என்பதை ஹேண்ட்லருக்குள் வரும்போது எல்ஆரில் இருக்கும் மதிப்பு சொல்லும். அதன் 2ஆம் பிட் 1 என்றால் பிஎஸ்பி (டாஸ்க்குகளின் ஸ்டேக் பாயின்டர்), அதாவது ஏதோ ஒரு டாஸ்க். 0 என்றால் எம்எஸ்பி (முதன்மை ஸ்டேக் பாயின்டர்).

பெரும்பாலானவர்கள் இந்த எட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆர்4 முதல் ஆர்11 வரை ஹார்ட்வேர் தொடாது, நாம்தான் எடுக்க வேண்டும். அதுவும் அசெம்பிளியில், சி கோடு ஒரு வரி ஓடுவதற்கு முன்பே. சி ஓட ஆரம்பித்தால் கம்பைலர் அவற்றைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஃபால்ட் நிலை ரெஜிஸ்டர்கள்: சிஎஃப்எஸ்ஆர், எச்எஃப்எஸ்ஆர் (எந்த வகை ஃபால்ட்), எம்எம்எஃப்ஏஆர், பிஎஃப்ஏஆர் (எந்த முகவரியில்). கடைசியாக, ஸ்டேக் பாயின்டரிலிருந்து மேல்நோக்கி ஒரு 512 பைட் மெமரி. அதைப் படிக்கும் முன் அந்த முகவரி ரேமுக்குள் இருக்கிறதா என்று சோதித்துவிடு. ஸ்டேக் பாயின்டரே கெட்டுப்போயிருந்தால் ஹேண்ட்லருக்குள்ளேயே இன்னொரு ஃபால்ட் வரும், கோர் அப்படியே உறைந்து லாக்கப் ஆகிவிடும்.

எங்கே வைப்பது? சாதாரண குளோபல் மாறியில் வைத்தால் ஸ்டார்ட்அப் கோடு பூஜ்யமாக்கிவிடும். லிங்கர் ஸ்கிரிப்டில் (மெமரியில் எது எங்கே என்று சொல்லும் ஃபைல்) துவக்கப்படாத பகுதி ஒன்று ஒதுக்கினால் வாட்ச்டாக் ரீசெட்டைத் தாண்டி நிற்கும். ஆனால் கரண்ட் போனால் போச்சு. உன் சிப்பில் 4 கிலோபைட் பேக்கப் எஸ்ரேம் இருக்கிறது, ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 40024000 முகவரியில். விபேட் (பேட்டரி) காலில் பட்டன் செல் போட்டு, பேக்கப் ரெகுலேட்டரையும் இயக்கிவிட்டால் கரண்ட் போனாலும் அழியாது. அதன் கிளாக், எழுதும் அனுமதி எல்லாம் துவக்கத்திலேயே போட்டு வை. டம்ப்பின் தலையில் ஒரு அடையாள எண், வாலில் செக்சம் (சரிபார்ப்பு எண்) இருக்கட்டும். இல்லையென்றால் குப்பையைப் படித்துவிட்டு அதன் பின்னால் அலைவாய்.

ஹேண்ட்லருக்குள் எஸ்டி கார்டு, பிரிண்ட்எஃப், ஜிஎஸ்எம் எதுவும் வேண்டாம். மெமரியில் எழுது, ரீசெட் செய். மறுபடி பூட் ஆனதும் நிதானமாக எடுத்து அனுப்பிக்கொள்ளலாம்.

கிள்ளை எலக்ட்ரிக்

கம்ப்யூட்டர் விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. பெட்டி செத்தால் ஏரேட்டர் ஓட வேண்டும், நிற்கக் கூடாது. ரிலேயில் என்ஓ (சாதாரணமாகத் திறந்திருக்கும்) முனையில் கட்டியிருந்தால் பிடுங்கி என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) முனையில் கட்டு. ரிலே இழுத்தால் ஏரேட்டர் நிற்கும், விட்டால் ஓடும். சாஃப்ட்வேர் என்ன ஆனாலும் இறால் பிழைக்கும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஜெனரேட்டர் தாங்காது, ஒவ்வொன்றுக்கும் ஆன்-டிலே டைமர் வைத்துவிடு.

வெள்ளாற்றங்கரை

அண்ணே, அன்றைக்கே மாற்றிக் கட்டிவிட்டேன். பண்ணைக்காரர் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அக்கா, நீங்கள் சொன்னபடி எழுதி ஏற்றினேன். நேற்று விடியற்காலை ஒரு டம்ப் சிக்கியது. எல்லாம் ஹெக்ஸ்:

சிஎஃப்எஸ்ஆர் 00000100
எச்எஃப்எஸ்ஆர் 40000000
பிசி 01040300
எல்ஆர் 08006135
ஆர்5 80010403

பிஎஸ்பிதான், சென்சார் டாஸ்க். ஆனால் பிசி காட்டும் இடத்தில் ஃபிளாஷும் இல்லை, ரேமும் இல்லை. ஆடர்2லைன் (முகவரியை நிரல் வரியாக மாற்றும் கருவி) வெறும் கேள்விக்குறி போடுகிறது. இதை வைத்து என்ன செய்வது?

சேதராப்பட்டு அக்கா

அருமையான டம்ப் தம்பி, எல்லாம் இதிலேயே இருக்கிறது.

எச்எஃப்எஸ்ஆரில் 30ஆம் பிட்: வேறொரு ஃபால்ட்தான் ஹார்ட் ஃபால்ட்டாக உயர்ந்திருக்கிறது. சிஎஃப்எஸ்ஆரில் 8ஆம் பிட்: கட்டளையை எடுக்கப் போன இடத்தில் பஸ் பிழை. அதாவது புரோகிராம் இல்லாத ஒரு ஊருக்குத் தாவியிருக்கிறது. ஏன் தாவியது என்பதுதான் கேள்வி.

இப்போது ஆர்5ஐப் பார். இந்தச் சிப் சின்ன பைட்டை முதலில் வைக்கும், அதனால் கடைசியிலிருந்து இரண்டிரண்டாகப் படி: 03, 04, 01, 80. மாட்பஸ் தெரிந்தவனுக்கு இது பழகிய முகம். 03 என்பது ஃபங்ஷன், 04 என்பது பைட் எண்ணிக்கை, 0180 உன் ஆக்சிஜன். தசமத்தில் 384, சென்சார் நூறால் பெருக்கி அனுப்பினால் 3.84. பிசியையும் அதே மாதிரி படி: 00, 03, 04, 01. தாவும் முகவரியின் கடைசி பிட் தம்ப் (இந்தக் கோரின் கட்டளை வகை) அடையாளமாகப் பிரிந்து போய்விடும், அதைத் திரும்ப ஒட்டினால் 01, 03, 04, 01. சென்சார் முகவரி, ஃபங்ஷன், எண்ணிக்கை! சென்சார் அனுப்பிய பதிலையே முகவரி என்று நினைத்துப் புரோகிராம் அங்கே போயிருக்கிறது.

ஆக, ஒரு லோக்கல் பஃபர் (ஃபங்ஷன் ஸ்டேக்கில் ஒதுக்கும் தற்காலிக இடம்) நிரம்பி வழிந்து, அதற்கு மேலே சேமித்து வைத்திருந்த ஆர்5ஐயும் திரும்பும் முகவரியையும் அழித்திருக்கிறது. எந்த ஃபங்ஷனில் என்பதை எல்ஆர் சொல்லும். 08006135இல் கடைசி 1ஐக் கழித்துவிட்டு ஆடர்2லைனில் போடு. லேப்டாப்பில் இருக்கும் ஏதோ ஒரு எல்ஃப் ஃபைல் (பில்ட் செய்தால் கிடைக்கும் புரோகிராம் ஃபைல்) ஆகாது, அந்தப் பெட்டியில் ஏற்றிய அதே பில்டின் எல்ஃப் வேண்டும்.

லாஸ்பேட்டை மாணவி

திரும்பும் முகவரி அழிந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் எல்ஆர் மட்டும் எப்படி நம்பகமானது அக்கா?

சேதராப்பட்டு அக்கா

நல்ல கேள்வி. அழிந்தது ஸ்டேக்கில் இருந்த நகல். ஃபங்ஷன் முடியும்போது அந்த நகலை நேராக பிசிக்குள் எடுக்கிறது, எல்ஆர் ரெஜிஸ்டரைத் தொடுவதே இல்லை. அதனால் அந்த ஃபங்ஷன் கடைசியாக வேறு எதையோ அழைத்தபோது எல்ஆரில் விழுந்த மதிப்பு அப்படியே நிற்கிறது. அது குற்றவாளி ஃபங்ஷனின் உள்ளேயே ஒரு வரியைக் காட்டும்.

வெள்ளாற்றங்கரை

கிடைத்துவிட்டது அக்கா! பதிலைப் பிரிக்கும் ஃபங்ஷனில், சிஆர்சி (பதில் கெடாமல் வந்ததா என்று காட்டும் எண்) சோதிக்கும் அழைப்புக்கு அடுத்த வரி. சென்சாரோடு வந்த மாதிரி நிரலில், பதிலில் வந்த பைட் எண்ணிக்கையை அப்படியே நம்பி 16 பைட் பஃபருக்குள் மெம்காப்பி (மெமரி நகல்) செய்கிறது, அதன் பிறகுதான் சிஆர்சி பார்க்கிறது. எண்ணிக்கை பைட் கெட்டு பெரிய எண்ணாக வந்தால், டிஎம்ஏ (கோர் தலையிடாமல் தரவை மெமரிக்கு மாற்றும் பிரிவு) பஃபரில் கிடக்கும் பழைய பதில்கள் எல்லாம் சேர்ந்து வழிகின்றன. சிஆர்சி தவறு என்று சரியாகவே கண்டுபிடித்து, பிழை என்று திரும்பப் போகும்போதுதான் விழுகிறது.

எண்ணிக்கை 4 இல்லையென்றால் உடனே தூக்கி எறி, சிஆர்சி சரியாக இருந்தால் மட்டும் காப்பி என்று மாற்றிவிட்டேன். ஆனால் ஏன் அந்த நேரத்தில் மட்டும் பைட் கெடுகிறது?

கிள்ளை எலக்ட்ரிக்

3.84 என்று அக்கா சொன்னாரே. 4க்குக் கீழே இறங்கியதும் உன் பெட்டி மீதி ஏரேட்டரைப் போடுகிறது, கான்டாக்டர் (மோட்டாரை இயக்கும் பெரிய ரிலே) அடிக்கிறது, மோட்டார் கிளம்புகிறது. சென்சார் வயரும் மோட்டார் கேபிளும் ஒரே பைப்பில் போகிறதா?

வெள்ளாற்றங்கரை

ஆமாம் அண்ணே, வரப்பு ஓரமாக ஒரே பைப்தான்.

கிள்ளை எலக்ட்ரிக்

பிரித்துப் போடு. முறுக்கிய ஷீல்டு கேபிள், லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம், கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்). உப்புக் காற்றுக்கு டெர்மினலையும் ஒரு தடவை சுரண்டித் துடைத்துவிடு.

சேதராப்பட்டு அக்கா

டம்ப் கோடை எடுத்துவிடாதே தம்பி, அடுத்த பெட்டிகளிலும் அப்படியே இருக்கட்டும். கூடவே கம்பைலரின் ஸ்டேக் புரொடெக்டர் கொடியைப் போட்டு பில்ட் செய். இந்த மாதிரி வழிதல் வந்தால் கண்ட இடத்துக்குத் தாவும் முன்பே பிடித்துவிடும். சிஆர்சி தவறுகளுக்கு ஒரு கவுன்டர் வைத்து, கேபிள் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று இங்கே போடு.

வெள்ளாற்றங்கரை

கவுன்டர் போட்டாகிவிட்டது அக்கா. கேபிள் நாளைக்கு வருகிறது, மாற்றியதும் எழுதுகிறேன்.