பொருள்: இடத்தில் மீள்வதற்குச் சொல் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

தொலைவிலுள்ள பழைய விண்மீன் மண்டலங்கள் (பால்வீதி போன்றவை, galaxies) சீரான இடைவெளியில் குவிந்திருக்கின்றனவா என்று தேடிய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1990-இல் வானியலாளர் பிராட்ஹர்ஸ்ட் குழுவினர் நம் பால்வீதியின் வடமுனை, தென்முனைத் திசைகளில் மிகக் குறுகிய இரு வான்பரப்புகளை ஆழமாக அளந்து, அண்டம் விரியும் வீதமான ஹபிள் மாறிலியை 100 எனக் கொண்டால் ஏறத்தாழ 128 மெகாபார்செக்குக்கு (ஒரு மெகாபார்செக் ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு) ஒருமுறை மண்டலங்கள் குவிவதாக அறிவித்தார்கள். இப்பண்பைக் (periodicity) ‘காலமுறைமை’ என்று எழுதிவிட்டேன். மீள்வது காலத்தில் அன்று, இடத்தில் என்பதால் கை கூசுகிறது.

> கை கூசுகிறது

‘ஆவர்த்தனம்’ இருக்கக் கவலை எதற்கு? இலங்கைப் பாடநூல்களில் தனிமங்களுக்கு ‘ஆவர்த்தன அட்டவணை’தான், அங்கும் காலம் இல்லை.

> ஆவர்த்தனம் இருக்க

வடசொல் வேண்டா. யாப்பில் அளவுபட்டு மீள்வது சீர். ஆகவே ‘சீரிடை’ என்போம். மேலும், ‘விருத்தம்’ என்பதே ‘வள்’ என்னும் வேரில் பிறந்த நம் ‘வட்டம்’ வடக்கே சென்று திரிந்ததுதான் என்பது என் துணிபு, மொழிநூலார் பெரும்பாலோர் மறுதலையாகச் சொன்னாலும்.

> வடக்கே சென்று திரிந்தது

அப்படியானால் விருத்தத்தோடு ஒரே வேரில் வந்த ஆவர்த்தனமும் நம்முடையதே, அதை விலக்குவானேன்? சீரிடை என்றால் என் வகுப்பு மாணவர்கள் கோவை என்னும் அகப்பொருள் சிற்றிலக்கியங்களின் இடையழகுத் தலைவியைத்தான் நினைப்பார்கள். காலமுறைமையும் அவ்வளவு பிழையன்று, தொலைவைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதாயிற்றே என்று வாதிடலாம். ஆனால் 128 என்பது ஆண்டுக் கணக்கன்று.

சொல்லைவிட எனக்கு உறுத்துவது வேறு. குறுகிய பரப்பை மட்டும் அளந்தால் சிறு கொத்துகளே நீண்ட அலைபோல் தோன்றக்கூடும் என்று 1991-இல் கைசரும் பீகாக்கும் காட்டினார்கள். 2005-இல் உறுதியான, ஏறத்தாழ 150 மெகாபார்செக் அளவுள்ள ஒலியலைத் தடமோ (தொடக்ககால அண்டத்தில் பரவிய ஒலியலைகள் விட்டுச்சென்ற சுவடு) மண்டல இணைகள் சற்றே மிகுந்து காணப்படும் ஓர் இடைவெளியே தவிர, அடுத்தடுத்து மீளும் அடுக்கன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டுவிடாதீர்கள்.

> ஒரே சொல்லை இட்டுவிடாதீர்கள்

நன்றி ஐயா, இரண்டையும் ஒரே சொல்லால்தான் எழுதியிருந்தேன். நால்வர் தனி மடலில் ஒப்பியதால் முன்னதற்கு ‘இடமீள்வு’ என்று வைக்கிறேன். பின்னதற்கு ‘மிகைவு இடைவெளி’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், அழகாக இல்லைதான்.

> இடமீள்வு

‘இடம் மீள்வது’ என்று பிரித்தால், போன இடத்துக்கே திரும்பி வருவதாகப் பொருள்படும். என் மறுப்பைக் குறித்துக்கொள்க. ‘வட்டம்’ பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.