தரம் 4 பிள்ளைகளுக்கு வகுப்பு வலைப்பூ: எப்படித் தொடங்குவது?

வெள்ளவத்தை ரீச்சர்
35 பிள்ளைகள், கணினி அறையில் 10 கணினி, கிழமைக்கு ஒரு பாடவேளை. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துப் பதில் எழுதப் பழக்க விரும்புகிறேன். 9 வயதுப் பிள்ளைகளுக்குக் கூகிளின் வலைப்பூத் தளமான புளொக்கரில் தனிக்கணக்குத் திறக்கலாமா? பெற்றோரைத் தவிர வேறு யாரும் பார்க்காமல் வைக்கலாமா?

கணினி அறை
தனிக்கணக்கு வேண்டாம் ரீச்சர். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கூகிள் கணக்குத் திறக்க முடியாது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் திறப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கவே கூடாது. நிர்வாகி நீங்கள். வகுப்புக்கென்று இன்னொரு ஜிமெயில் திறந்து, எழுதும் உரிமை மட்டும் கொடுங்கள். அமைப்புகளில் பிள்ளைகளின் கை படாது. 10 கணினியிலும் அந்த ஜிமெயிலை ஒரேயடியாகத் திறந்தால் கூகிள் சந்தேகப்பட்டுப் போனுக்குக் குறியீடு அனுப்பக்கூடும், ஆகவே மணியடிக்க முன்னமே திறந்து வையுங்கள். ஒரே பதிவை இருவர் திருத்தினால் கடைசியாகச் சேமித்தது மற்றதை அழித்துவிடும். ஒரு கணினிக்கு ஒரு பதிவு.

வாசகர் அணுகலைக் 'குறிப்பிட்டவர்கள் மட்டும்' என்று மாற்றிப் பெற்றோரின் ஜிமெயிலுக்கு அழைப்பு அனுப்புங்கள். போனில் இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு 'அனுமதி இல்லை' என்று வரக்கூடும். அழைப்புப் போன கணக்கால் உள்ளே போகச் சொல்லுங்கள்.

தமிழ்ப்பாடம்
35 பேரும் ஒரே நாளில் எழுதினால் யாரும் யாரையும் வாசிக்க மாட்டார்கள். ஏழு பேராக ஐந்து குழு. கிழமைக்கு ஒரு குழு எழுதட்டும், மற்ற 28 பேரும் பதில் எழுதட்டும். பதிவு முதலில் கொப்பியில், 50 சொல்லுக்குள். அதற்கு மேல் போனால் ஒரு பாடவேளைக்குள் தட்டச்சு முடியாது.

பதில் எழுதுவதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் 28 தரம் 'நல்லா இருக்கு' என்றே வரும். பயறு முளைத்ததைப் பற்றிய பதிவென்றால், 'மூன்றாம் நாள் வேர் வந்ததென்று எழுதியிருக்கிறாய், ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர் விட்டாய்?' என்று கேட்கப் பழக்குங்கள். பதிவிலிருந்து ஒரு விஷயம், அதைப் பற்றி ஒரு கேள்வி. எழுதிய பிள்ளை கொப்பியைத் திரும்பப் பார்த்தே ஆகவேண்டும். எழுத்து வளர்வது அங்கேதான். எழுத்துப்பிழை எல்லாவற்றையும் நீங்களே திருத்தாதீர்கள். அந்தக் கிழமைக்கு ர, ற மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை ரீச்சர்
நன்றி. பரிசோதனைக்கு வேர்டிலிருந்து ஒட்டிப் பார்த்தேன், எல்லாம் ஆங்கில எழுத்தாக வருகிறதே?

கணினி அறை
அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு போனதும் அப்படியே தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறைக்கு, இணையத்திலுள்ள மாற்றியில் போட்டு எடுங்கள். பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே யுனிகோட் விசைப்பலகை கொடுங்கள்.

படம் போடுவதாக இருந்தால் முகம் வேண்டாம், கையும் பயற்றங்கன்றும் போதும். கமராவில் இட அடையாளத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். சீருடை இலச்சினையும் தெரியக்கூடாது. முதற்பெயர் மட்டும் போடுங்கள். பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதம் முதற் பதிவுக்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும்.