திப்பில இருந்து லாக்டிக் ஆசிட் எடுக்கலாம்ங்கறாங்க, நம்பலாமா?

ஆத்தூரான்:
வணக்கம். எங்களுது சின்ன சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி, அப்பா பாக்கறாரு, நான் பி.காம் முடிச்சுட்டு ரெண்டு வருசமா கூட இருக்கேன். சீசன்ல ஒரு நாளைக்கு சுமாரா 5 டன் ஈரத் திப்பி (குச்சிக்கிழங்குல மாவைப் பிழிஞ்சு எடுத்தப்புறம் நிக்கற சக்கை) விழும். வெயில் அடிச்சா களத்துல காயப்போட்டு மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிடுவோம், மழை புடிச்சா போச்சு, ரெண்டாம் நாளே புளிச்சு நாறி பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கு வந்துடுவாரு. போன வாரம் ஒரு கன்சல்டன்ட் வந்து, என்சைம் போட்டா இதையே லாக்டிக் ஆசிட் ஆக்கலாம், அதுல இருந்து பிளாஸ்டிக்கே செய்யலாம், ஆறே மாசத்துல போட்ட காசு வந்துடும்னு சொல்லிட்டு ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் கேக்கறாரு. அப்பா சிரிச்சுட்டாரு. எனக்கு சிரிக்கறதா, காசு கட்டறதானு தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேப்கோட்:
பிரதர், காசு கட்டாதீங்க. ஆனா அவர் சொன்ன கெமிஸ்ட்ரி பொய் இல்ல. சோத்தை வாயில வச்சு மென்னுட்டே இருந்தா இனிக்கும்ல, எச்சில்ல இருக்கற அமைலேஸ்ங்கற என்சைம் ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) வெட்டறதால வர்ற இனிப்பு அது. அதே ஜாதி என்சைம்தான் இங்கயும், ஒரு பாக்டீரியாவுல இருந்து எடுத்தது, 90 டிகிரி தாண்டின சூட்டுலயும் தாங்கும். கஞ்சி மாதிரி கெட்டியா இருக்கறதுல போட்டா கொஞ்ச நேரத்துல தண்ணியா இளகிடும். அப்புறம் 60 டிகிரிக்கு ஆறவிட்டு, pH 4.5 கிட்ட கொண்டு வந்து, குளுக்கோ அமைலேஸ்னு இன்னொண்ணு ஊத்தி ஒரு நாள் விட்டா குளுக்கோஸ். இதோட என்சைம் வேலை முடிஞ்சுது. லாக்டிக் ஆசிட் ஆக்கறது பாக்டீரியா, தயிர் புளிக்கற கதைதான்.

திப்பில ஒரு நல்ல விஷயம், வைக்கோல் மாதிரி லிக்னின் (செடியை விறைப்பா வச்சிருக்கற கட்டிச் சத்து) ஜாஸ்தி கிடையாது. பானிபட்ல 2022ல வைக்கோல்ல இருந்து எத்தனால் எடுக்க பிளான்ட் தொறந்தாங்க. வைக்கோல்னா என்சைம் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே அதை சூட்டுலயும் ஆசிட்லயும் போட்டு உடைக்கணும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்ல, பிழிஞ்ச பிறகும் காஞ்ச திப்பில பாதிக்குப் பாதி ஸ்டார்ச்சாவே நிக்குது.

இப்ப கணக்குக்கு வாங்க. 5 டன்ல 4 டன் வெறும் தண்ணி. மிச்சம் 1 டன், அதுல ஸ்டார்ச் 500 கிலோ, முழுசா உடைஞ்சா 555 கிலோ குளுக்கோஸ் (வெட்டற இடத்துல தண்ணி சேர்றதால எடை கூடும்). அதுல லாக்டிக் ஆசிட் 500 கிலோ வந்தாலே பெரிய விஷயம். ஆனா அந்த 500 கிலோவும் 5000 லிட்டர் தண்ணில கரைஞ்சு கிடக்கும். அதை வெளிய எடுக்கறதுலதான் சொத்து போகும். வழக்கமான முறைல சுண்ணாம்பு போட்டு கால்சியம் லாக்டேட் ஆக்கி, திரும்ப சல்ப்யூரிக் ஆசிட் ஊத்திப் பிரிப்பாங்க, 1 டன் ஆசிட்டுக்குக் கிட்டத்தட்ட 1 டன் ஜிப்சம் விழும். திப்பியைக் கொட்ட இடம் இல்லாம ஆரம்பிச்சு ஜிப்சத்தைக் கொட்ட இடம் தேடுவீங்க! பிளாஸ்டிக் கதையைக் கேக்கவே வேணாம், தாய்லாந்து ராயோங்ல 2018 கடைசில ஓட ஆரம்பிச்ச PLA (லாக்டிக் ஆசிட்ல இருந்து செய்யற பிளாஸ்டிக்) பிளான்ட் வருசத்துக்கு 75,000 டன், அதாவது ஒரு நாளைக்கு 200 டன். உங்களுது அரை டன்.

ஈரோடு டையிங்:
தம்பி, இந்த என்சைமுக்கு எங்கயும் அலைய வேண்டாமுங்க. நாங்க துணில ஏத்தின கஞ்சியை எடுக்க டிசைசிங்ல தினமும் ஊத்தறது அமைலேஸ்தான். எங்க ஊர் கெமிக்கல் கடைல சின்ன கேன்லயே கிடைக்கும். வாங்கறப்ப சூடு தாங்கற ரகமானு கேட்டு வாங்குங்க, சிலது 60, 70லயே செத்துப்போயிரும்.

ஆத்தூரான்:
ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. ஒன்றரை லட்சம் மிச்சம். ஆனா கணக்கை எல்லாம் பாத்தப்புறம் நானே ஒரு தடவை செஞ்சு பாக்கணும்னு கை பரபரங்குது, எப்படி பண்றது?

லேப்கோட்:
காஞ்ச திப்பி 1 கிலோ, நைசா அரைச்சு 5 லிட்டர் தண்ணில கரைச்சு காய்ச்சுங்க, கதவு ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு, குச்சிக்கிழங்கு விஷம் (சயனைடு) உங்களுக்கே தெரியும், கொதிக்கறப்ப ஆவியா வரும். அமைலேஸ் ஊத்திக் கிண்டிட்டே இருங்க, அப்பப்ப ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பாருங்க, கருநீலம் மாறி வெறும் பழுப்பா நின்னா வெட்டியாச்சு. பிறகு 60 டிகிரி, சிட்ரிக் ஆசிட் கொஞ்சமா போட்டு pH பேப்பர்ல பாத்துக்கங்க, குளுக்கோ அமைலேஸ் ஊத்தி ராத்திரி முழுக்க சூடு குறையாம வைங்க. சுகரை அளக்க வீட்ல மீட்டர் இருந்தா அதுவே போதும், 50 மடங்கு தண்ணி கலந்துக்கணும். ரத்தத்துக்குச் செஞ்ச மெஷின், தோராயமாத்தான் காட்டும்.

ஆத்தூரான்:
பண்ணிட்டேன்!! அயோடின் முதல்ல மை மாதிரி இருந்துச்சு, இருபது நிமிசத்துல டீ கலர். காலைல அவசரத்துல தண்ணி கலக்காம பாட்டியோட மீட்டர்ல வச்சா HIனு காட்டுது, பாட்டி யாருக்குடா இவ்வளவு சுகர்னு பதறிட்டாங்க. 50 மடங்கு கலந்தப்புறம் 170 (100 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம்னு அர்த்தம்). அப்படின்னா லிட்டருக்கு 85 கிராம், 5 லிட்டருக்கு 425 கிராம், சரியா? வடிகட்டறதுதான் கொடுமை, பழைய வேட்டில ஊத்தினா வழவழன்னு அடைச்சுக்கிட்டு சொட்டு சொட்டா இறங்குது, மதியம் வரைக்கும் உக்காந்திருந்தேன்.

லேப்கோட்:
கணக்கு சரிதான். மூணு கடுதாசில எழுத வேண்டியதை வேட்டி ஒரே மத்தியானத்துல உங்களுக்குச் சொல்லிடுச்சு பாருங்க, பிரிக்கறதுதான் வேலைனு. வழவழப்பு திப்பியோட நார்ல இருந்து வருது, அதுக்கு செல்லுலேஸ் போட்டுப் பாக்கலாம், 50 டிகிரி, pH 5 கிட்ட.

ஈரோடு டையிங்:
செல்லுலேஸும் இங்கயே இருக்குதுங்க தம்பி, பனியன் துணில பிசிறு எடுக்க பயோ பாலிஷ்னு ஊத்துவோம். ஆசிட் செல்லுலேஸ்னு கேட்டு வாங்குங்க, நியூட்ரல் வேற. அரை லிட்டர் நானே பஸ்ல போட்டு விடறேன், வேட்டிக்கு நான் பொறுப்பில்லைங்க.